சாயமும் வெளிச்சமும் கிருமியைக் கொல்லுமா? குடுவையிலிருந்து கேன்டீன் மேசை வரை ஒரு முழு வழிகாட்டி

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் கருநீலத் திரவம் ஒன்று விற்பார்கள். மீன் முட்டையில் பூஞ்சை கட்டினால் தொட்டியில் சில சொட்டு விடுவதற்கு. விவரமான கடைக்காரராக இருந்தால், "மருந்து விட்டதும் தொட்டி லைட்டை அணைச்சிடுங்க" என்று சொல்லி அனுப்புவார். அந்தத் திரவம் மெத்திலீன் ப்ளூ. வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். நமக்கு வேண்டிய காரணம் வேறு: வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் பக்கத்தில் இருக்கும் உயிரணுக்களைக் கொல்லத் தொடங்கும்.

சென்னையில் இறுதியாண்டு நுண்ணுயிரியல் மாணவர்களின் புராஜெக்ட்டுகளுக்கு உதவுகிறவன் நான். "சார், மஞ்சளும் எல்.இ.டி.யும் வச்சு பாக்டீரியாவைக் கொல்லலாமாமே" என்று யாராவது ஒருவர் வருவது வழக்கம். கொல்லலாம். கண்ணாடித் தட்டில், சுத்தமான தண்ணீரில், சுலபமாகவே கொல்லலாம். அதே சாயத்தைப் பால் சிந்திய எவர்சில்வர் மேசையில் தெளித்துப் பார்த்தால் பாதிக் கணக்குகூடத் தேறாது. ஏன் தேறவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் இதில் உண்மையான வேலை. இந்த வழிகாட்டி அதற்காக.

முதலில் எச்சரிக்கை. இது பயிற்சி உள்ளவர் மேற்பார்வையில், ஆய்வகத்தில் செய்ய வேண்டிய சோதனை. புண்ணிலோ தோலிலோ பூசிப் பார்க்கும் வைத்தியம் அல்ல. மெத்திலீன் ப்ளூவை வாயில் படவிடாதீர்கள். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கும், மனச்சோர்வுக்குச் சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் அது உடம்புக்குள் போனால் ஆபத்து. நோய்க்கிருமிகளை வளர்க்கவும் வேண்டாம். தீங்கில்லாத வகைகளே போதும்.

உள்ளே நடப்பது என்ன

சாய மூலக்கூறு தனக்குப் பிடித்த நிற ஒளியை உறிஞ்சுகிறது. வாங்கிய ஆற்றலை அருகில் கரைந்திருக்கும் ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. சாதுவான ஆக்சிஜன் அப்போது சிங்லெட் ஆக்சிஜன் என்ற முரட்டு வடிவத்துக்கு மாறுகிறது. சில சாயங்கள் எலக்ட்ரானைக் கைமாற்றி வேறு வகை ஆக்சிஜன் முரடர்களையும் உண்டாக்கும். இவை பாக்டீரியாவின் சவ்வு, புரதம், டி.என்.ஏ. என்று கைக்கு எட்டியதையெல்லாம் தாக்கும். குறிப்பிட்ட ஒரு பூட்டுக்கான சாவி இல்லை என்பதால் ஆன்டிபயாடிக்குக்கு வருவது போன்ற எதிர்ப்புத்திறன் இதற்கு எளிதில் வருவதில்லை.

ஒரு எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். சிங்லெட் ஆக்சிஜன் தண்ணீரில் சராசரியாக 3 அல்லது 4 மைக்ரோவினாடிதான் தாங்கும். அதற்குள் அது நகரும் தூரம் 200 நானோமீட்டர் அளவு. ஒரு ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2,000 நானோமீட்டர். ஆக, சாயம் பாக்டீரியாவின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி மிதந்தால் வெளிச்சம் எவ்வளவு அடித்தாலும் வீண். சாயம், வெளிச்சம், ஆக்சிஜன் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கிறதா? இனி வரும் எல்லாக் கோளாறுகளுக்கும் இந்தக் கேள்விதான் திறவுகோல்.

இந்த விளைவு கண்ணில் பட்டதே ஒரு சோதனைக் கோளாறால்தான். 1900ல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் சாயம் பரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்ற ஆய்வை வெளியிட்டார். ஒரே அளவு சாயத்துக்கு நாளுக்கு நாள் நேரம் மாறியது. மாறியது அறையின் வெளிச்சம்! நம் பக்கத்திலும் இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. வெண்குட்டத்துக்குக் கார்போகரிசியைப் பூசி வெயில் காட்டும் வழக்கம் பழையது. அதில் உள்ள சோரலென் ஒளியால் தூண்டப்படும் பொருள். அது வேலை செய்யும் விதம் பெரும்பாலும் வேறு, டி.என்.ஏ.வையே போய்ப் பிடிக்கும். பொருளோடு ஒளியும் சேர வேண்டும் என்ற சூட்சுமம் மட்டும் பொது.

படி 1: சாயத்தைத் தேர்ந்தெடுப்பது

மெத்திலீன் ப்ளூவில் தொடங்குங்கள் என்பது என் பிடிவாதம். சிவப்பு ஒளியில், 664 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில், நன்றாக உறிஞ்சும். தண்ணீரில் கரையும். நேர்மின் சுமை கொண்டது. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின் சுமை, அதனால் தானே போய் ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் ரத்த பிளாஸ்மாவில் உள்ள வைரஸ்களை அழிக்க இதே சாயமும் வெளிச்சமும் 1990களிலிருந்து பயன்படுகின்றன. மீன்கடைக் குப்பி வேண்டாம், அதன் செறிவை நம்ப முடியாது. ஆய்வகத் தரத் தூளாகவே வாங்குங்கள்.

மஞ்சள் எல்லாருக்கும் ஆசை. மஞ்சளின் குர்குமின் 425 நானோமீட்டர் அளவில், நீல ஒளியில் வேலை செய்யும். ஆனால் மூன்று தொல்லைகள். தண்ணீரில் கரையாது; எத்தனாலில் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும், அப்போது எத்தனால் மட்டும் சேர்த்த ஒப்பீடு தனியாக வைக்க வேண்டும். காரத்தன்மை பட்டால் சிவந்து சிதையும். மஞ்சள் கறையில் சோப்பு போட்டால் சிவப்பாகுமே, அதேதான். மூன்றாவது, வெளிச்சத்திலேயே வெளுக்கும். கறை பட்ட வேட்டியை அம்மாக்கள் மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு எடுப்பது இந்த வேதியியலை நம்பித்தான். அடுப்படி மஞ்சள்தூளை அப்படியே கலக்காதீர்கள். அதில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், மீதித் தூள் வெளிச்சத்தை மறைக்கும்.

ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2), ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்புச் சாயம், இரண்டும் நல்லவை. முன்னதற்கு நீல ஒளி, பின்னதற்குப் பச்சை. டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு என்று விற்பனைக்காரர்கள் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "புற ஊதா எங்கிருந்து வரும்?" சாதாரண டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் வேண்டும். வீட்டு எல்.இ.டி. பல்பில் அது கிட்டத்தட்ட இல்லை.

படி 2: கரைசல்

நீரற்ற மெத்திலீன் ப்ளூ 32 மி.கி.யை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார் (மோலார் என்பது செறிவை அளக்கும் அலகு). புட்டியில் மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்டது என்று போட்டிருந்தால் 37.4 மி.கி. லேபிளைப் பார்க்காமல் எடை போட்டவர்கள் நிறையப் பேர். இதிலிருந்து 1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் 10 மைக்ரோமோலார். இதுதான் நம் தொடக்கச் செறிவு. பாட்டிலுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள். கையுறை கட்டாயம். வாஷ்பேசினில் சிந்தினால் உங்கள் பெயர் அந்த ஆய்வகத்தில் பல மாதம் நிலைத்திருக்கும், எனக்கு நிலைத்திருக்கிறது.

"கொஞ்சம் கூடுதலா போட்டா நல்லா கொல்லும்ல சார்?" இல்லை. 10 மைக்ரோமோலார் கரைசல் 1 செ.மீ. ஆழம் இருந்தால் 660 நானோமீட்டர் ஒளியில் ஆறில் ஒரு பங்குதான் அடிவரை போகும். 100 மைக்ரோமோலாரில் மேல் ஒரு மி.மீ.யிலேயே பெரும்பகுதி ஒளி தீர்ந்துவிடும். கீழே இருக்கும் பாக்டீரியா நிழலில் சுகமாக இருக்கும். அதனால் 35 மி.மீ. தட்டில் 3 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். ஆழம் சுமார் 3 மி.மீ. வரும், பாதிக்கு மேல் ஒளி அடி வரை எட்டும்.

தண்ணீரும் ஒரு கதை. முதல் சுற்று முழுவதும் 0.85 சதவீத உப்புக்கரைசலில் செய்யுங்கள். பிறகு வேண்டுமென்றே மெட்ரோ தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் சாயத்தைக் கரைத்துப் பாருங்கள். கால்சியமும் மெக்னீசியமும் நேர்மின் சுமை கொண்டவை, பாக்டீரியாவின் மேல் சாயம் உட்கார வேண்டிய இடத்துக்குப் போட்டிக்கு வரும். கடலோரத்து உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம்.

படி 3: வெளிச்சம், அதை அளப்பது

செடி வளர்ப்புக்கு விற்கும் 660 நானோமீட்டர் ஆழ்சிவப்பு எல்.இ.டி. போதும். ரிச்சி தெருவில் 10 வாட் சிப், ஹீட் சிங்க், சின்ன ஃபேன், டிரைவர் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். "ரெட் எல்.இ.டி." என்று மட்டும் கேட்டால் 620 அல்லது 630 கொடுத்துவிடுவார்கள், அலைநீளத்தைச் சொல்லி, டேட்டாஷீட்டைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

அளவு இரண்டு. ஒரு சதுர செ.மீ. பரப்பில் எத்தனை மில்லிவாட் விழுகிறது என்பது ஒன்று. அதை வினாடிகளால் பெருக்கினால் வரும் மொத்த ஜூல் இன்னொன்று. சதுர செ.மீ.க்கு 50 மில்லிவாட் என்று வைத்தால் 2 நிமிடத்தில் 6 ஜூல், 5 நிமிடத்தில் 15, 10 நிமிடத்தில் 30, 20 நிமிடத்தில் 60. இந்த நான்கு நேரங்களும் தொடக்கத்துக்குப் போதும். எல்.இ.டி. பெட்டியில் "10 வாட்" என்றிருப்பது அது மின்சாரம் தின்னும் கணக்கு, தட்டில் விழும் ஒளி அல்ல.

அளப்பதற்குக் கல்லூரி இயற்பியல் துறையின் ஆப்டிகல் பவர் மீட்டரைக் கெஞ்சி வாங்குங்கள். லக்ஸ் மீட்டர் ஏமாற்றும். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. நம் கண் 660 நானோமீட்டர் சிவப்பைப் பச்சையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான் உணரும். ஃபோன் ஆப் பற்றிப் பேச்சே வேண்டாம். தட்டின் நடுவிலும் நாலு ஓரத்திலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஓரத்தில் பாதி குறைந்திருந்தால் ஓரத்துத் தட்டு பிழைத்ததற்குக் காரணம் பாக்டீரியாவின் வீரம் அல்ல.

அப்புறம் சூடு. இது என் சொந்த அவமானம். ஒரு மே மாதம், கத்திரி வெயில் நேரம், ஏசி இல்லாத அறை. எவர்சில்வர் துண்டுகளில் சாயம் போட்டு எல்.இ.டி.யைக் கிட்டே வைத்து அடித்தோம். மறுநாள் வளர்ப்புத் தட்டில் ஒரு காலனிகூட (பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) இல்லை. மாணவர்கள் டீயும் பஜ்ஜியும் வாங்கி வந்துவிட்டார்கள். பஜ்ஜி தீர்வதற்குள் ஒருவர் மற்ற தட்டுகளையும் எடுத்துப் பார்த்தார். சாயமே போடாமல் வெளிச்சம் மட்டும் காட்டிய துண்டிலும் காலனி இல்லை. மறுபடி அடுக்கி, துண்டின் அடியில் வெப்பமானியின் முனையை ஒட்டிப் பார்த்தோம். 57 டிகிரி. நாங்கள் பாக்டீரியாவை வேகவைத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து ஃபேன் இல்லாமல் எல்.இ.டி. எரிவதில்லை, துண்டுகள் தண்ணீர் நிரப்பிய தட்டின் மேல் வைத்த கண்ணாடியில்தான் உட்காரும், 37 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சோதனை குப்பைக்கு. கொரோனா காலத்து நெற்றி வெப்பமானி மேஜை டிராயரில் கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். பளபளக்கும் எவர்சில்வரில் அந்த மாதிரி அகச்சிவப்புக் கருவிகள் குறைவாகவே காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒன்றை ஒட்டி, டேப்பின் மேல் காட்டினால் ஓரளவு சரியாக வரும், ஆனால் உடம்புச் சூட்டுக்கான கருவி 43 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் காட்டாது. தொட்டு அளக்கும் முனையே மேல்.

படி 4: பாக்டீரியா

பள்ளி அளவில் என்றால் தயிர் பாக்டீரியா. கல்லூரி என்றால் ஈ.கோலை கே-12 என்ற ஆய்வக வகை. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. சேமிப்பகத்திலிருந்து நிறுவனம் வழியாக வாங்கலாம். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது. தயிர் பாக்டீரியா கிராம் பாசிட்டிவ். சாயம் எளிதாக உள்ளே போகும், சீக்கிரம் சாகும். ஈ.கோலை கிராம் நெகட்டிவ். அதற்கு வெளிச்சவ்வு என்ற கூடுதல் மதில் உண்டு. முதலாவதில் மட்டும் சோதித்துவிட்டு "எல்லாக் கிருமிகளையும் கொல்லும்" என்று போஸ்டர் அடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எதுவானாலும் வளர்ப்பு ஊடகத்தைக் கழுவி நீக்க வேண்டும். மையவிலக்கியில் சுற்றி, மேல்நீரைக் கொட்டி, உப்புக்கரைசலில் கலக்கி, இப்படி மூன்று தடவை. தயிர் என்றால் பால் புரதம் விடாமல் கூடவே வரும், நாலாவது தடவையும் கழுவுங்கள். கடைசியில் ஒரு மி.லி.க்கு ஒரு கோடி பாக்டீரியா என்ற அளவில் நிறுத்துங்கள்.

படி 5: நான்கு தட்டு

ஒவ்வொரு தடவையும் நான்கு: சாயமும் வெளிச்சமும்; சாயம் மட்டும், இருட்டில்; வெளிச்சம் மட்டும், சாயமில்லாமல்; இரண்டும் இல்லாதது. மூன்றாவது இல்லாமல் போயிருந்தால் என் 57 டிகிரி இன்றைக்கும் ஒரு கண்டுபிடிப்பாகவே இருந்திருக்கும். இருட்டுத் தட்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி, எல்.இ.டி. பக்கத்திலேயே, அதே வெப்பத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் அது ஒப்பீடே அல்ல.

சாயம் சேர்த்ததும் 10 நிமிடம் இருட்டில் விடுங்கள், ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். பிறகு வெளிச்சம். வெளிச்சம் முடிந்தபின் நீங்கள் பிப்பெட்டோடு நிற்கும் நேரத்தில் அறை டியூப் லைட்டும் வேலை செய்யும், மறக்காதீர்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மங்கலில் வேலை பாருங்கள்.

இந்த இடத்தில் எல்லாரையும் குழப்பும் காட்சி ஒன்று. சாயமும் பாக்டீரியாவும் அடர்த்தியாகக் கலந்த சோதனைக் குழாயை இருட்டில் மறந்து வைத்தால், அடியிலிருந்து நீலம் மறைந்து நிறமற்றுப் போகும். மேலே விரல்நக அளவுக்கு நீல வளையம் மட்டும் நிற்கும். வெளுத்தது வெளிச்சத்தால் அல்ல. உயிருள்ள பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாயத்தையும் நிறமற்ற வடிவமாக மாற்றியிருக்கிறது. பாலின் தரம் பார்க்க மெத்திலீன் ப்ளூ விடுவதும் இதே கூத்துதான். குழாயை ஒரு குலுக்கு குலுக்கினால் காற்று கலந்து நீலம் திரும்ப வரும். நிறமற்ற அந்த வடிவம் சிவப்பு ஒளியை உறிஞ்சாது. பக்கத்தில் ஆக்சிஜனும் இல்லை. திறவுகோலில் மூன்றில் இரண்டு காலி. அதனால் ஆழமில்லாத தட்டு, மெதுவான குலுக்கல்.

படி 6: எண்ணுவது

பத்துப் பத்தாக நீர்க்கச் செய்து, 0.1 மி.லி. அகார் தட்டில் பரப்பி, 37 டிகிரியில் ஒரு நாள் (தயிருக்கு இரண்டு நாள்). 30 முதல் 300 காலனி வரை உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். மே மாதச் சென்னையில் அறையே பாதி இன்குபேட்டர்தான் என்றாலும் இன்குபேட்டரையே நம்புங்கள்.

பதில் லாக் கணக்கில் வரும். 10 லட்சம் 1,000 ஆனால் 3 லாக், அதாவது 99.9 சதவீதம். விளம்பரத்தில் "99 சதவீதம்" என்று பார்த்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 10 லட்சத்தில் 99 சதவீதம் போனால் மிச்சம் 10,000. நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஏழு இரட்டிப்பில், 2 மணி 20 நிமிடத்தில், பழைய 10 லட்சத்தைத் தாண்டிவிடும். கிருமிநீக்கம் என்று பேசும்போது 3 லாக்கையாவது எதிர்பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

"காலனி எதுவும் இல்லை" என்றால் "எல்லாம் செத்தன" என்று எழுதாதீர்கள். 0.1 மி.லி.தான் பரப்பினீர்கள்; ஒரு மி.லி.யில் 10க்குக் குறைவு என்று மட்டும் எழுதலாம். வெவ்வேறு நாளில், புது வளர்ப்பில், மூன்று தடவை செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று தட்டு வைத்தால் அது ஒரு தடவைதான்.

படி 7: எவர்சில்வருக்கு இறங்குவது

இனிதான் நிஜ உலகம். 2க்கு 2 செ.மீ. எவர்சில்வர் துண்டுகள். சோப்பில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்தவை. சாயம் கலந்த பாக்டீரியாக் கரைசல் 50 மைக்ரோலிட்டரை மேலே பரப்புங்கள். வெளிச்சம் முடிந்ததும் துண்டை 5 மி.லி. உப்புக்கரைசலில், கொஞ்சம் ட்வீன் 80 (ஒட்டியதைப் பிரிக்கும் மென்மையான சோப்பு போன்ற பொருள்), சில கண்ணாடி மணிகளோடு போட்டு ஒரு நிமிடம் குலுக்கி எண்ணுங்கள். இதில் 5 லட்சத்தில் தொடங்கினால் 4 லாக் வரைதான் காட்ட முடியும்.

சொட்டு காயும்போது கிட்டே போய்ப் பாருங்கள். காபி டம்ளர் வைத்த இடத்தில் விழும் வளையம் போலவே நீலம் ஓரத்துக்கு ஓடி ஒரு கோடாகச் சேரும். நடுவில் பாக்டீரியா இருக்கும், சாயம் இருக்காது. ஓரத்துக் கோட்டிலோ சாய மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு ஊதா கலந்த நீலமாகத் தெரியும். இரண்டிரண்டாக அடுக்கிய வடிவம் 664ஐ விட்டு 610 பக்கம் உறிஞ்சும். உங்கள் 660 எல்.இ.டி. அதற்குப் பாதி அந்நியம். இதைத் தவிர்க்கச் சொட்டாக விடாமல் மெல்லிய தூறலாகத் தெளித்து, காய்வதற்குள் வெளிச்சம் காட்டுங்கள்.

காய்வது என்பதே இந்த ஊரில் பருவத்துக்குப் பருவம் மாறும். மே மாதம் ஃபேனுக்குக் கீழே சட்டென்று காயும். ஐப்பசி மழையில் சொட்டு சொட்டாகவே உட்கார்ந்திருக்கும். ஈ.கோலை வெறுமனே காய்ந்தாலே நிறையச் சாகும். அதனால் மே மாத முடிவையும் நவம்பர் முடிவையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். ஈரப்பத அளவையும் வெப்பத்தையும் ஒவ்வொரு நாளும் குறித்துவையுங்கள். தொடக்கத்தில் அலட்சியப்படுத்துபவர்கள் பின்னால் அந்தக் குறிப்பைத்தான் தேடுவார்கள்.

படி 8: அழுக்கைச் சேர்ப்பது

கிருமிநாசினிகளைச் சோதிக்கும் ஐரோப்பிய முறையில் "சுத்தமான" நிலைக்கு லிட்டருக்கு 0.3 கிராம் ஆல்புமின் புரதம், "அழுக்கான" நிலைக்கு 3 கிராம் சேர்ப்பார்கள். ஆல்புமின் விலை அதிகம். பாலில் புரதம் நூற்றுக்கு மூன்று பங்கு சுமார். ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு நீர் கலந்தால் கிட்டத்தட்ட அந்த 3 கிராம் வந்துவிடும். ஆவின் பாக்கெட் போதும். காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்துவிடுங்கள்.

பாக்டீரியாவை இந்தப் பால்நீரில் கலந்து துண்டில் பரப்பி முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். லாக் எண்ணிக்கை சரியும். பால் புரதங்கள் சாயத்தைத் தங்கள்மேல் இழுத்துக்கொள்கின்றன. பிறக்கும் சிங்லெட் ஆக்சிஜனை அவற்றில் உள்ள ஹிஸ்டிடின், டிரிப்டோஃபேன் போன்ற அமினோ அமிலங்கள் குறுக்கே நின்று வாங்கிக்கொள்கின்றன. கொழுப்புத் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. இப்போது நேரத்தை இரட்டியுங்கள். சாயச் செறிவை 20 மைக்ரோமோலாருக்கு ஏற்றுங்கள். அல்லது முதலில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுச் சாயம் தெளியுங்கள். மூன்றில் எது கூடுதல் லாக் தருகிறது என்று பாருங்கள். என் கைக்குத் திரும்பத் திரும்ப ஜெயித்தது துடைப்பதுதான். மாணவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆனால் புராஜெக்ட் அறிக்கையில் நான் முதலில் தேடும் வரி அது.

பால் எடுத்ததில் ஒரு சூட்சுமமும் உண்டு. பாலிலேயே ரைபோஃப்ளேவின் இருக்கிறது, அதுவும் ஒளியால் தூண்டப்படும் சாயம். வெளிச்சத்தில் வைத்த பால் வாடை மாறுவது அதனால். சிவப்பு எல்.இ.டி.யில் அது தூங்கும், நீல எல்.இ.டி.யிலோ வெயிலிலோ சோதித்தால் விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பும்.

படி 9: அறை வெளிச்சமும் மொட்டை மாடியும்

எல்.இ.டி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் கேன்டீனுக்குப் போவதில்லை. "இருக்கிற டியூப் லைட் போதாதா?" என்பது நியாயமான கேள்வி, கணக்குப் போடலாம். நல்ல வெளிச்சமுள்ள அறையில் மேசைமேல் 500 லக்ஸ். வெள்ளை எல்.இ.டி.க்கு அது சதுர செ.மீ.க்கு சுமார் 0.17 மில்லிவாட். நம் 30 ஜூல் சேர 49 மணி நேரம். அதுவும் எல்லா நிறத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால். சாயம் உறிஞ்சும் சிவப்பு அதில் ஒரு பங்குதான். "தானே சுத்தமாகும் மேசை" என்று கேட்கும்போதெல்லாம் இந்த 49ஐ நினைத்துக்கொள்ளுங்கள். குறைந்த ஒளியில், பல மணி நேரத்தில், மெதுவாக எண்ணிக்கையை அடக்கிவைக்கும் பூச்சு சாத்தியம். அடுத்த ஆள் வந்து உட்காருவதற்குள் சுத்தம் சாத்தியமில்லை.

மொட்டை மாடி வேறு உலகம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தெளிந்த வானில் சதுர செ.மீ.க்கு 100 மில்லிவாட் அளவு விழும். அதில் 600 முதல் 700 நானோமீட்டர் வரையான சிவப்பு மட்டும் சுமார் 14. 30 ஜூல் சேர 36 நிமிடம். ஆனால் வெயிலுக்குத் தன் சொந்தப் புற ஊதாவும் சூடும் உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை ஆறு மணி நேரம் வெயிலில் வைத்துச் சுத்திகரிக்கும் முறை இவற்றை நம்பித்தான் இருக்கிறது, சாயமே இல்லாமல். சாயத்தின் பங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் சிவப்பு அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள், அடியில் தண்ணீர்த் தட்டு வையுங்கள், நான்கு துண்டு ஒப்பீட்டையும் மாடிக்கே கொண்டுபோங்கள். மேகம் வந்து போன நிமிடங்களைக் குறியுங்கள்.

கேன்டீன் சோதனைக்கு அனுமதி வாங்கி, சாப்பாடு படாத இடத்தில், கேன்டீனை மூடிவிட்ட காலி நேரத்தில் மட்டும் செய்யுங்கள். மேசையில் 10க்கு 10 செ.மீ. சதுரங்களை டேப்பால் குறித்து, நான்கு ஒப்பீடுகளையும் அங்கேயே வைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து எண்ணுங்கள். அதில் முளைப்பவை என்னவென்று நமக்குத் தெரியாது. தட்டுகளை டேப் போட்டு மூடி, திறக்காமலே எண்ண வேண்டும். வேலை முடிந்ததும் எல்லாச் சதுரங்களையும் சோப்பிட்டு, நீலம் போகும் வரை கழுவிக் கொடுங்கள்.

படி 10: கழித்துக் கட்டுவது

வளர்த்த தட்டுகள் எல்லாம் ஆட்டோகிளேவுக்கு, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவிக்கு. ஆட்டோகிளேவ் பழுதென்றால், ஆய்வகத்துக்கென்று தனியாக வைத்த பிரஷர் குக்கர். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி வரும், முழு அழுத்தம் வந்தபின் 30 நிமிடம் விடுங்கள். அந்தக் குக்கரில் பிறகு சோறு வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். சிரிக்காதீர்கள், ஒட்டுங்கள்.

மிஞ்சிய சாயத்தை வாஷ்பேசினில் ஊற்ற வேண்டாம். கூவத்துக்கு ஏற்கெனவே போதும். பழைய பாட்டிலில் சேர்த்து, கிளர்வூட்டிய கரித்தூள் இரண்டு மூன்று கரண்டி போட்டு ஓர் இரவு விடுங்கள். கரியின் தரத்தைச் சோதிக்கவே மெத்திலீன் ப்ளூவைத்தான் பயன்படுத்துவார்கள், அவ்வளவு ஆசையாக உறிஞ்சும். காலையில் மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். லேசாக நீலம் இருந்தால் இன்னொரு கரண்டி போடுங்கள். வடித்த கரியை ரசாயனக் கழிவு டப்பாவில் சேருங்கள்.